சன்ஸ்கிரீன் கறை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் இருக்கும் எங்கள் டண்டாராவில் வெள்ளைத் துணியை வெள்ளையாக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஊர் முழுக்கப் போர் தண்ணீர்தான். பூமிக்குள் எவ்வளவோ ஆழத்திலிருந்து சுடச்சுட ஏறி வரும். குழாயைத் திறந்தாலே இரும்பு வாடை அடிக்கும். மழைத் தண்ணீர் தொட்டியில் இருக்கிறதுதான், ஆனால் அது குடிக்க. அதில் துணி துவைப்பவளை இந்த ஊர் மன்னிக்காது. இந்தப் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருஷமாக என் கொடியில் பால்போல வெள்ளை காயப் போட்டிருக்கிறேன். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

வெள்ளை எதற்கென்றால், என் வீட்டுக்காரன் நெவில் சனிக்கிழமைதோறும் போல்ஸ் ஆடுகிறான். புல்தரையில் கனத்த பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதற்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. வேறு ஊர்களில் இப்போது கலர் சட்டை வந்துவிட்டதாம். எங்கள் கிளப்பில் மேவிஸ் ட்ரஸ்காட் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. உடுப்பு பார்க்கும் பொறுப்பு அவளுடையது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்ப்பாள்.

போன வருஷம் அந்த வாசலில்தான் என் மானம் போனது.

"நெவில், காலரு என்ன இது? ஆரஞ்சு ஜூஸ்ல முக்குனியா?" என்றாள் மேவிஸ், இருபது பேர் முன்னால். "க்ளெனிசுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. காலரில் நெடுநாளாகவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் வந்துகொண்டிருந்தது. சோப்பு போட்டேன், தேய்த்தேன், ப்ளீச் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் அழுத்தமாக ஏறியது. கழுத்தில் அவன் பூசும் சன்ஸ்கிரீன்தான் காரணம் என்பது மட்டும் தெரிந்தது, ஏனென்றால் அவன் பூசாத வாரத்தில் புதுக் கறை இல்லை. அன்று அவனை இரவல் சட்டையில் ஆட வைத்தாள் மேவிஸ். வயிற்றில் இரண்டு பட்டன் போடவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டுவிட்டேன். "மூஞ்சில பூசு, காதுல பூசு. கழுத்துல இனிமே ஒரு சொட்டு வைக்கக் கூடாது. தொப்பி இருக்குல்ல? அது போதும்."

நெவில் தகராறு பண்ணவே இல்லை. சன்ஸ்கிரீன் என்றாலே அவனுக்கு ஆகாது. வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனால் எரியும். கையில் பட்டால் பந்து வழுக்கும். ஈ எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். "நீ சொன்னா சரி, க்ளென்," என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். பெண்டாட்டி பேச்சை அவன் அவ்வளவு சுருக்காகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

புதுச் சட்டை ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் ஆடியும் காலர் வெள்ளையாகவே இருந்தது. மேவிஸ் வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துவைக்க எடுத்த சட்டையைப் பார்த்தால் காலரின் உள்பக்கம், பின்கழுத்துப் படுகிற இடத்தில், துருநிறத்தில் ஒரு பொட்டு. துவரம்பருப்பு அளவு. நேரே சமையலறைக்குப் போய் அவன் டோஸ்டுக்குப் பக்கத்தில் சட்டையை வீசினேன்.

"திரும்பத் தடவ ஆரம்பிச்சிட்டியா?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரி நடிக்காத. கழுத்துல க்ரீம்."

"சத்தியமா இல்லடி. அந்தக் கருமத்த யாரு தடவுவா? கொசு ஏதாச்சும் கடிச்சிருக்கும்."

நான் நம்பவில்லை. நெவில் நகரசபையில் ரோடு போடும் வண்டி ஓட்டுகிறான். அந்த வேலைக்காரர்களுக்கு நகரசபை பெரிய பம்ப் பாட்டிலில் சன்ஸ்கிரீன் கொடுக்கிறது. ஒன்று எங்கள் வீட்டுக் குளியலறையிலும் நிற்கிறது. அதில் க்ரீம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்தேன். கட்டின புருஷன்மேல் இப்படியா வேவு பார்ப்பது என்று கேட்காதீர்கள். காலர் விஷயத்தில் நான் அப்படித்தான். அந்த வாரம் வேலை நாளில் முகத்துக்கு அவன் அங்கிருக்கும் பாட்டிலையே எடுத்துக்கொண்டான், சனிக்கிழமை அதுவும் இல்லை, தொப்பி மட்டும். வீட்டுப் பாட்டிலில் க்ரீம் நான் போட்ட கோட்டைவிட்டு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்த சட்டையிலும் பொட்டு இருந்தது. அதே இடம், அதே அளவு.

அன்றைக்கு ஏனோ ப்ளீச்சை எடுக்கவில்லை. தொட்டித் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் பிடித்து, ஒரு பிடி உப்புப் போட்டு, காலரை முக்கினேன். ஆரஞ்சுக் கறை குளிர்ந்த தண்ணீருக்கெல்லாம் அசையாது. இந்தப் பொட்டோ ஐந்து நிமிஷத்தில் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கிவிட்டுப் போய்விட்டது. முப்பத்தோரு வருஷமாகத் துவைக்கிறவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது ரத்தம்.

"நெவ், இங்க வா. திரும்பி நில்லு."

"இப்ப என்னடி குத்தம் பண்ணேன்?"

"திரும்புன்னா திரும்பு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்மண்டையில் வெட்டாமல் வளர்ந்திருந்த முடியை ஒதுக்கினேன். முடி முடிகிற இடத்துக்குக் கீழே கறுப்பாக ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. ஓரம் பளபளவென்று மேடாக, நடுவில் பொருக்கு. தினமும் பக்கத்தில் படுக்கிற மனுஷன். அவன் காலரைப் பார்த்த நான் கழுத்தைப் பார்க்கவில்லை.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றான்.

"ஒண்ணுமில்ல. செவ்வாய்க்கிழமை டாக்டர் வர்ற நாளு. நீ போற."

எங்கள் ஊருக்கு டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருவார். இப்போது வருகிறவர் ஓகாஃபோர் என்ற நைஜீரியப் பெண். வயது முப்பதுதான் இருக்கும், ஆனால் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. நெவிலின் கழுத்தில் விளக்கு வைத்த கண்ணாடியை அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

"இன்னிக்கே வெட்டி எடுத்துடறேன், நெவில். பிரிஸ்பேனுக்கு அனுப்பிப் பார்க்கணும். பத்து நாள் ஆகும்."

"மெலனோமாவா?" என்றேன் நான். ஆளைக் கொல்லும் தோல் புற்றுநோய், எங்கள் ஊரில் அந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. போன வருஷம் தபாலாபீஸ் கீத்தைப் புதைத்தது அதனால்தான். முதுகில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

"பார்த்தா ரெண்டு மாதிரியும் இருக்கு. நான் ஜோசியம் சொல்ல மாட்டேன்."

மரத்துப்போக ஊசி போட்டார். நெவில் குப்புறப் படுத்திருந்தான். அவன் முகம் தெரியாததால்தானோ என்னவோ, எனக்கு வாய் வந்துவிட்டது. "நான்தான் டாக்டர், கழுத்துல க்ரீம் பூசாதன்னு சொன்னேன். காலர்ல ஆரஞ்சா கறை வருதுன்னு. ஒரு வருஷமா பூசவே விடல."

டாக்டரின் கை நிற்கவில்லை. "ஓ, அந்தக் கறையா? என் டவல் எல்லாமே அந்தக் கலருதான். க்ரீம்ல இருக்கிற ஒரு சரக்கும் உங்க போர் தண்ணில இருக்கிற இரும்பும் சேர்ந்தா துரு மாதிரிப் புடிச்சுக்கும். ப்ளீச் மட்டும் ஊத்திடாதீங்க, இன்னும் ஏறும்."

போன வருஷம் நான் டப்பா டப்பாவாக ஊற்றியிருக்கிறேன்.

"கறை வராத க்ரீமும் இருக்கு, துத்தநாகம் போட்டது. ஆனா கெட்டியா இருக்கும், பூசினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுப்பாத் தெரியும்."

"எம் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்," என்றான் நெவில் தலையணைக்குள்ளிருந்து.

"பூசாம இருந்தா என்ன ஆகும்னு உங்க மூக்கைப் பார்த்தாலே தெரியுது, நெவில். அசையாதீங்க."

அந்தப் பத்து நாளை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. துணி துவைத்தேன். அழுக்கில்லாத திரைச்சீலையையும் இறக்கித் துவைத்தேன். நெவில் வழக்கம்போல ரோடு போடும் வண்டியை எடுத்துக்கொண்டு விடிந்ததும் போய்விடுவான். சாயங்காலம் வந்து வராந்தாவில் உட்கார்ந்து, கழுத்துப் பிளாஸ்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"எம்மேல கோவமா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் பிளாஸ்டரிலிருந்து கையை எடுத்தான். "க்ளென், பதினேழு வயசுல இந்த வேலைக்கு வந்தேன். அப்ப வண்டிக்கு மேல் கூரையே கெடையாது. அரை டவுசர், கையில்லா பனியன். ஞாயித்துக்கெழம ஆத்தங்கரைல உடம்பு பூரா எண்ணெய தேச்சுக்கிட்டு வெயில்ல கெடந்தது யாரு? நீயும் நானுந்தான. நீதான் எனக்குத் தேச்சு விட்ட."

"அதச் சொல்லாத. அதுவும் நாந்தானா?"

"அதில்லடி நான் சொல்ல வந்தது..." என்று ஆரம்பித்து, சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மேவிஸ்கூட வந்தாள். கையில் மூடிபோட்ட பாத்திரத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு. எங்கள் ஊரில் அது யார் வீட்டுக்கு வந்தாலும் விஷயம் மோசம் என்று அர்த்தம். "அடுத்த சனிக்கிழமை ஃபைனலு, நெவில் ஆடுவான்ல?" என்றாள். பிறகு தொப்பியைக் கழற்றி, முடியை ஒதுக்கி, இடது காதைக் காட்டினாள். மேல்பாதி இல்லை. "பன்னெண்டு வருஷமாச்சு. முடிய எறக்கி வுட்டுக்கறேன், யாருக்கும் தெரியாது." இத்தனை காலம் பழகியும் எனக்கும் தெரியாதுதான். காலரைப் பார்த்து என் மானத்தை வாங்கியவளுக்குக் காது பாதிதான் என்பது அன்று எனக்கு என்னமோ ஒரு ஆறுதலாக இருந்தது. நல்ல புத்தி இல்லைதான்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. நான் கொடியில் நின்றிருந்தேன், வாயில் இரண்டு கிளிப். போன் அடித்தது.

"க்ளெனிஸ், டாக்டர் ஓகாஃபோர். நெவில் இருக்காரா?"

"வேலைல இருக்கான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, சாண்டி கிரீக் ரோட்டுல. அங்க சிக்னல் கெடைக்காது. எங்கிட்டச் சொல்லுங்க."

"அவர்கிட்டதான் சொல்லணும், க்ளெனிஸ். அது முறை. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன், நேர்ல போய்க் கூப்பிடச் சொல்லுங்க. நீங்க பதறாம ஓட்டுங்க."

பதறாமல் ஓட்டு என்று யாராவது நல்ல சேதிக்குச் சொல்வார்களா? நான் கிளிப் கூடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். செம்மண் ரோடு. வழியெல்லாம் கீத்தை அடக்கம் பண்ணின அன்று அவன் பெண்டாட்டி சர்ச்சில் அணிந்திருந்த நீலச் சட்டைதான் கண்ணில் நின்றது. என்னிடம் ஒரு நீலச் சட்டை இருக்கிறது, அதைப் போடவே மாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

புழுதி தெரிந்தது, பிறகு மஞ்சள் வண்டி. நான் ஹாரன் அடித்த அடியில் நெவில் இறங்கி ஓடி வந்தான்.

"வீடு பத்திக்கிச்சா?"

"டாக்டர் கூப்பிட்டாங்க. உங்கிட்டதான் சொல்லுவாங்களாம். போன எடு."

"இங்க எங்கடி சிக்னலு? வண்டிமேல ஏறினா ஒரு கோடு வரும். நாங்க அப்படித்தான் பேசறது."

ஏறினோம். அறுபது வயதுக்காரனும் ஐம்பத்தெட்டு வயதுக்காரியும் ரோடு போடும் வண்டியின் கூரைமேல், சுடுகிற தகரத்தில், ஒருவர் பெல்ட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு. அவன் போனைத் தலைக்கு மேலே தூக்கி, ஸ்பீக்கரில் போட்டான். மணி போனது.

"நெவில்? கேக்குதா? அது மெலனோமா இல்ல."

நெவில் போனை இன்னும் உயரத் தூக்கினான்.

"கேக்குதா? மெலனோமா இல்ல! தோல் புற்றுநோய்தான், ஆனா இது பேசல் செல்ங்கிற வகை. இருக்கிற எடத்துலயே மெதுவா வளரும், வேற எடத்துக்கு ஓடறது ரொம்ப ரொம்ப அபூர்வம். சுத்திலும் சுத்தமா வெட்டி எடுத்தாச்சு. மேல ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும், அவ்வளவுதான். க்ளெனிஸ் பக்கத்துல இருக்காங்களா?"

"வண்டிமேல இருக்கா," என்றான் நெவில்.

"க்ளெனிஸ், இது ஒரு வருஷத்துல வந்த சமாச்சாரம் இல்ல. முப்பது நாற்பது வருஷத்து வெயில். நீங்க காலருக்காகப் பூச விடாததால வந்தது இல்ல. காலராலதான் இப்பவே கண்டுபுடிச்சீங்க. ஆனா இனிமே பூசாம விட்டா நானே வந்து உதைப்பேன்."

கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன், பின்பக்கம் சுட்டது, அதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. ஓவென்று அழுதேன். பத்து நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல் இறங்கியதில் மூச்சு இவ்வளவு தாராளமாக வருமா என்று இருந்தது. நெவில் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஆடலாமான்னு கேக்க மறந்துட்டேன்," என்றான்.

"கிழவா, உனக்கு இப்ப அதான் கவலையா?"

"தையல நர்சம்மா நேத்தே பிரிச்சுட்டாங்கல்ல." எழுந்து திரும்பவும் போனைத் தூக்கினான். ஆடலாமாம், காயத்துக்குமேல் பிளாஸ்டர், சுற்றிலும் க்ரீம்.

துத்தநாக க்ரீம் கடையில் சொல்லி வைத்திருந்தேன். புதன்கிழமை லாரியில்தான் வரும் என்றார்கள். ஆகவே சனிக்கிழமை மதியம் கிளப் வாசலில், எல்லார் முன்னாலும், நகரசபை பாட்டிலோடு நின்றேன். நெவிலைக் குனிய வைத்து, பிளாஸ்டரைச் சுற்றி, காதுக்குப் பின்னால், காலருக்குள்ளே விரல் போகிற மட்டும் அப்பினேன். வழிய வழிய அப்பினேன்.

"போதும்டி, நான் என்ன பர்த்டே கேக்கா?" என்றான்.

மேவிஸ் வந்து நின்றாள். காலரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"மேவிஸ், இன்னிக்கு ஒரு வார்த்த சொன்னா..."

"மிச்சம் இருந்தா இங்க கொஞ்சம் வையி," என்று தொப்பியைத் தூக்கினாள். "பாதிக் காதுதான் இருக்கு. அதையாச்சும் காப்பாத்திக்கிறேன்."

ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டு புள்ளி வித்தியாசம். கடைசிப் பந்து நெவிலுடையது; நேரே போய் வேலியோரப் பள்ளத்தில் விழுந்தது. "கை வழுக்கிருச்சு! இந்தக் கருமத்த பூசினா எவன்டா ஆடுவான்?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கையில் பூசவே இல்லை. அன்று அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டேன். போட்டோ எடுக்கும்போது மேவிஸ் பின்னாலிருந்து, "நெவில், அந்தக் காலர உள்ளாற மடக்கு, பார்க்கச் சகிக்கல," என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையைத் துவைத்தேன். போர் தண்ணீர், சோப்பு, ப்ளீச் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலரை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். சுற்றிலும் ஆரஞ்சு வளையம், அழுத்தமாக, அசிங்கமாக. ஒரு அங்குலம்கூட விடாமல் விரலால் தடவித் தேடினேன். சிவப்புப் பொட்டு எங்கேயும் இல்லை.

எங்கள் கொடி இரண்டு பக்கமும் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒன்று, ரோட்டைப் பார்த்து ஒன்று. சட்டையை ரோட்டுப் பக்கம் கொண்டுபோய், காலர் வெளியே தெரியும்படி தொங்கவிட்டேன். அது காற்றில் ஆடுவதைப் பார்த்தபடி அங்கேயே நின்றேன்.